தந்தேன் என்ற ஒரு சொல்

எங்கள் பகுதியில் அந்த ஆசுபத்திரியின் பெயரை யாரும் சொல்வதில்லை. அது இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னாலே போதும். பிள்ளைகள் சண்டை பிடித்தால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் ஏசுவார்கள். ஆகையால் நானும் இங்கே அதை எழுதவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் மனம் சுகமில்லாதவர்களை வைத்துப் பார்க்கிற பெரிய ஆசுபத்திரி என்றால் விளங்கும். அதில் நான் நான்கு மாதமும் சில நாட்களும் இருந்தேன். அல்லாஹ்வின் கிருபையால் திரும்பி வந்து ஐந்து வருடமாகிறது.

இதை எழுத வேண்டுமென்று நான் நினைத்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தும் கோணல். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் மூன்று பேர் என் வீட்டு வளவுக்கு வந்தார்கள். வந்த காரியத்தைச் சொல்லாமல் மழையைப் பற்றியும் வேளாண்மையைப் பற்றியும் கதைத்துவிட்டு, எழும்பிப் போகும்போது வேலிப் படலையடியில் நின்று, "காக்கா, அங்க என்னதான் செய்வாங்க?" என்று மெல்லக் கேட்டார்கள். மூத்தவர்களைக் காக்கா என்பது எங்கள் வழக்கு, என்னை ஆதங்காக்கா என்பார்கள். ஒருவர் தம்பிக்காகக் கேட்டார். ஒருவர் மனைவிக்காகக் கேட்டார். மூன்றாமவர் யாருக்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்தவன். மாவடிப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. மனைவி ஆசியா உம்மா. இரண்டு பெண்மக்கள். மூத்தவள் ஹலீமா, இளையவள் சித்தீக்கா. எங்களிடத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் குடியிருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் வெளியே இறங்குவார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரும் இதை ஒரு கஷ்டமென்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. ஹலீமாவுக்கு மருதமுனையில் தறி வைத்திருக்கிற குடும்பத்தில் இஸ்மாயில் என்ற நல்ல பிள்ளையைப் பேசினோம். நான் கல் சுமந்து கட்டிய வீட்டை அவள் பெயருக்கு எழுதினேன். வளவின் பின்பக்கம், கிணற்றடியில், ஓலையால் ஒரு குடில் போட்டு நாங்கள் மூன்று பேரும் அதற்குள் போனோம். போன கையோடு மாரி வெள்ளம் வந்து வயலும் அழுகிப் போயிற்று. மகள், வீடு, வேளாண்மை மூன்றும் ஒரு மாரிக்குள் என் கையை விட்டுப் போயின. அழ வேண்டிய நேரம் அது. நான் அழவில்லை. கண்டவர்களிடமெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ், கடமை முடிஞ்சி" என்று சிரித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நிக்காஹ் நடந்த நாளைச் சொல்ல வேண்டும். பெண்ணைக் கொடுப்பவர் தகப்பன். காவின் என்ற கலியாணப் பதிவை எழுதுகிற லெப்பை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தருவார். தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகளை இன்ன மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் முடித்துத் தந்தேன்" என்று சொல்ல வேண்டும். "ஏற்றுக்கொண்டேன்" என்று மாப்பிள்ளை சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் நிக்காஹ். அன்றைக்கு எனக்குக் கடுமையான தடிமன், சளி. சரியாகக் கடைசிச் சொல்லுக்கு வரும்போது இருமல் வந்தது. இருமினேன். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதினார்கள். சாப்பாடு கொடுத்தோம். இப்படித்தான் நடந்ததென்று அந்த நாளில் நினைத்திருந்தேன்.

குடிலுக்கு வந்து நாற்பது நாள் இருக்கும். பின்னேர அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் கிணற்றடியில் குந்தினேன். எதிரே என் பழைய வீட்டு ஜன்னல். உள்ளே ஹலீமா எதற்கோ சிரித்தாள். அந்த நிமிடத்தில்தான் அது வந்தது. "தந்தேன்" என்ற சொல்லை நான் சொன்னேனா? இருமலுக்கு முன் சொன்னேனா, பின் சொன்னேனா, சொல்லாமலே விட்டேனா? சொல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. நிக்காஹ் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள் என் மகள் யார்?

அதற்கு மேல் நினைக்கப் பயந்து கையைக் கழுவினேன். சரியாகக் கழுவவில்லை என்று பட்டது. இன்னொரு தரம் கழுவினேன். அசருடைய நேரம் போகும் வரையில் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எதைச் செய்தாலும் அது நிறைவாகவில்லை. மூன்று தரம் கழுவ வேண்டிய கையை முப்பது தரம் கழுவினேன். தொழுகைக்கு அல்லாஹு அக்பர் என்று கையை உயர்த்தித் தக்பீர் கட்டுவேன். மனம் ஓர்மையாக இருக்கவில்லையென்று அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். இமாம் குனிந்து ருகூவுக்குப் போய்விடுவார், நான் இன்னும் கையை உயர்த்திக்கொண்டு நிற்பேன். இதில் நடந்த வேடிக்கை என்னவென்றால், ஊர் என்னை மெச்சியது. எங்கள் ஆட்கள் மார்க்கக் காரியத்தில் கவனமாக நடப்பதைப் பேணுதல் என்பார்கள். "ஆதங்காக்காட பேணுதல் இந்தக் காலத்துல ஆருக்கு வரும்!" என்றார் பாங்கு சொல்கிற மோதினார். பள்ளியை நடத்துகிற ஒரு மரைக்கார் தன் மகன்மாரை ஹவுளடிக்கு, பள்ளித் தண்ணீர்த் தொட்டியடிக்கு, கூட்டி வந்து, நான் ஒளு எடுப்பதைக் காட்டினார். ஒரு இளந்தாரி மட்டும், "காக்கா ஹவுளுக்குள்ள மீன் புடிக்கிற போலக் கிடக்கு" என்றான். மரைக்கார் அவனை ஏசித் துரத்தினார். அந்தப் பொடியன் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட இருந்தது. எனக்குள் நோய் மூன்று மாதம் வளர்ந்தது. ஊர் அதற்குத் தண்ணீர் ஊற்றியது.

மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து என் கையில் தேய்த்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, தோல் உரியுது. அல்லாஹ் தோலையா கேட்டான்?" என்றாள். "நீ பேசாம இரி. உனக்கு இது விளங்கா" என்று கையை இழுத்துக்கொண்டேன். எண்ணெய் பட்ட கையை மீண்டும் கழுவப் போனேன்.

சாட்சிகளில் ஒருவர் என் மச்சான் மீராலெவ்வை, மனைவியின் அண்ணன். அவரிடம் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"மச்சான், அண்டைக்கு நான் கடைசியா என்ன சொன்ன?"

"என்ன சொன்ன! எல்லாரும் சோத்துக்கு இரிங்கண்டு சொன்ன."

"அதில்ல. மாப்பிள்ளட கையப் புடிச்சிக்கி."

"தந்தேண்டு சொன்னீங்க. நான் இந்தக் காதால கேட்டன். ஏன், திருப்பி எடுக்கப் போறீங்களா?"

அவர் சிரித்தார். எனக்கும் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் அந்தப் பதில் கரைந்து போயிற்று. மச்சான் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் திரும்பவும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். கடைசியில் மருமகனையே பிடித்துக் கேட்டுவிட்டேன்.  "மாமா, நீங்க தந்தேண்டு சொல்லாம நான் ஏத்துக்கிட்டேண்டு சொல்லுவனா? குடுக்காத சாமான ஆராவது வாங்குவானா?" என்றார் இஸ்மாயில். இதைவிட நல்ல பதில் உலகத்தில் இல்லை. அந்தப் பதிலும் அந்தி மஃரிபுக்குள் கரைந்து போயிற்று.

லெப்பையிடம் போனேன். அவர் நல்ல மனிதர், என்னை எவ்விதத்திலும் குறைவாக நினைக்காதவர். "உங்கட மனசு ஆறட்டும் காக்கா. நிக்காஹ் கூடித்தான் இரிக்கு. ஒரு பேணுதலுக்குத் திருப்பி ஓதுவம்" என்றார். பேணுதல் என்ற சொல் மறுபடியும் வந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியான லுஹருக்குப் பிறகு எங்கள் குடிலுக்குள் அவரும் மச்சானும் இன்னொரு சாட்சியும் இஸ்மாயிலும் உட்கார்ந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு வெளியே கேட்கிற மாதிரி, "தந்தேன், தந்தேன், தந்தேன்" என்று மூன்று தரம் சொன்னேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் வேறொன்று வந்தது. இரண்டாம் தரம் ஓத வேண்டியிருந்ததென்றால் முதலாம் தரம் கூடவில்லை என்றுதானே பொருள்? அப்போது ஹலீமாவுக்கு மூன்று மாதம். வயிற்றிலிருந்த பிள்ளை இரண்டு நிக்காஹ்வுக்கும் நடுவில் வந்த பிள்ளை.

என்னைப் போலவே ஊரும் கணக்குப் பார்த்தது. வேலிக்கு வெளியே கேட்கச் சத்தம் போட்டவன் நான்தானே! "ரெண்டாம் தரம் என்னத்துக்குக் காவின்? மொதலாவதுல என்ன பிழை?" என்று மருதமுனைத் தறிக் கொட்டில்களில் கதைத்தார்கள். இஸ்மாயிலின் தாய் ஒரு காலையில் வந்தா. வாசலிலேயே நின்றா, உள்ளே வரவில்லை.

"உடுப்ப எடுத்துக்கி வா மனே. விசர் புடிச்ச மனிசன்ட வளவுல என்ட புள்ள இரிக்க ஏலா. நாளைக்கு உன்ட புள்ளயையும் ஹராமுல பொறந்தது எண்டு பள்ளியில எழும்பிச் சொல்லுவாரு."

இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஹலீமா குடிலடிக்கு வந்தாள். அழவில்லை. "வாப்பா, நான் உங்களுக்கு என்ன செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றில் வாளியை விட்டேன். என் ஆயுளில் நான் தௌபா செய்து மன்னிப்புக் கேட்க வேண்டியது எவ்வளவோ உண்டு. அந்த வாளியை விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

அதன் பிறகு நான் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் நாடவில்லை. கழுத்தில் தாயத்துப் போல மூன்று இசிம் கட்டினார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். நாட்டு மருந்துப் பரியாரி தலையில் எண்ணெய் வைத்துக் குடம் குடமாக ஊற்றினார். சோறு மண்ணாக இருந்தது. பிறகு கழுவுவதும் நின்றது. அதுதான் பயங்கரம். கழுவக்கூட மனமில்லாமல் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். அப்படி உட்கார்ந்திருக்கிற ஒருவரைக் கண்டால் அவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். மச்சான் தாண்டிப் போகவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, என் கையைப் பிடித்து, "எழும்புங்க மச்சான். ஒரு பயணம் போவம்" என்றார்.

கல்முனையில் மருந்து கொடுக்கிற அப்போத்திக்கரி முதலில் என் கையைப் பார்த்துச் சொறி என்று நினைத்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். மச்சானைத் தனியே கூப்பிட்டுக் கதைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மட்டக்களப்பில் ரயில் ஏறினோம். நான் இறங்கி ஓடிவிடுவேன் என்று மச்சான் தன் சால்வையின் ஒரு முனையை என் கையிலும் மறு முனையைத் தன் கையிலும் கட்டிக்கொண்டார். எதிரிலிருந்தவர்கள் பார்த்தார்கள். "ஒண்டுமில்ல, நாங்க ரெண்டு பேரும் ஒரு சோடி எருமை" என்றார் அவர்களிடம்.

ஆசுபத்திரியின் காத்திருக்கிற இடத்தில் உட்கார நீள வாங்குகள். வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளி யார், கூட்டி வந்தவர் யார் என்று சொல்ல முடியாது. ஒரு தாய் தன் வளர்ந்த மகனுக்குப் பிள்ளைக்கு ஊட்டுவது போல வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தா. என் பெயரைக் கூப்பிட்டு, உடுப்பை மாற்றி, இசிம்களின் கயிற்றை வெட்டி மச்சானிடம் கொடுத்தார்கள். அவர் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சால்வையை என் தோளில் போட்டார். "இதுல தொழுங்க" என்றார். வெளியே நடந்தார். கேற்றடியில் நின்று மூக்கைச் சீறினது தெரிந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். அவசரப்படாமல் கேட்டார்.

"எத்தினை தரம் கழுவுவியள்?"

"சரியா வாற வரைக்கும் ஐயா."

"சரியா வந்திட்டுது எண்டு என்னெண்டு தெரியும்?"

"அது தெரியாமத்தானே ஐயா நான் இஞ்ச வந்திரிக்கன்."

அவர் சிரிக்கவில்லை. நான் முதல் தரம் ஒரு ஆளிடம் முழுவதையும் சொன்னேன். இருமல், தந்தேன், இரண்டாம் காவின், வயிற்றுப் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விளக்கியது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. ஒருவர் கதவைப் பூட்டினால் 'பூட்டியாகிவிட்டது' என்று அவருடைய மனம் அவருக்கு ஒரு தகவல் அனுப்பும். அதனால்தான் அவர் திரும்பிப் பாராமல் போகிறார். எனக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை. "கதவு பூட்டித்தான் கிடக்கு. நீங்கள் ஆயிரம் தரம் இழுத்துப் பாத்தாலும் தகவல் வராது. இழுக்க இழுக்கத்தான் நோய் கூடும்" என்றார். இது ஒரு நோய். இதன்மேல் வந்து குந்தியது இன்னொரு நோய், மனச்சோர்வு. சாப்பாடும் தூக்கமும் போய், உயிர் வேண்டாமென்று ஆக்குவது அது. முதலில் சோர்வை எழுப்ப வேண்டும், பிறகுதான் மற்றதைப் பார்க்கலாம் என்றார்.

"ஐயா, எங்கட மார்க்கத்துல இதுக்கு வஸ்வாஸ் எண்டு பேர் இரிக்கு. மனசுல ஊசாடுறது. அது ஷைத்தான்ட வேலை."

"பேர் இருந்தால் நல்லதுதானே. அப்ப உங்கட பெரியாக்களுக்கு இது முந்தியே தெரிஞ்சிருக்கு. அவை அதுக்கு என்ன செய்யச் சொல்லியிருக்கினம்?"

"அதுக்குச் செவி குடுக்கப்படாதாம்."

"நானும் அதைத்தான் சொல்லப் போறன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சிறுவயதில் ஓதிப் படித்ததை கழுத்தில் சிலுவை போட்ட ஒரு வேதக்கார டொக்டர் எனக்கே எடுத்துத் தந்தார்.

ஆசுபத்திரி வாட்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு ஆள் சரிந்துதான் போகலாம். முனகல், சிரிப்பு, ஏச்சு, எந்த நேரமும் சத்தம். தண்ணீர் பியதாச என்ற சிங்கள ஊழியரின் பொறுப்பில் இருந்தது. தொழுகைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். நான் இரண்டாவது கோப்பைக்குக் கெஞ்சினேன், அழுதேன், ஒரு நாள் அவருடைய காலையும் பிடித்தேன். "ஒண்டு ஐயா. ஒண்டு. அல்லா போதும் சொல்லும்" என்று அவர் விரலைக் காட்டினார். நான் அவரைச் சபித்தேன். அவர் கொடுக்காத அந்த இரண்டாவது கோப்பைக்காக இப்போது ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்குத் துஆக் கேட்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் காரைதீவைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். எல்லாரும் மாஸ்டர் என்போம். மனைவி இறந்த பிறகு பேச்சு நின்று, இங்கே வந்து பேச்சு வந்தவர். வந்து மூன்று வருடம். "உங்கட ஊருக்கும் எங்கட ஊருக்கும் நடுவில நடந்து போற தூரம். ஒரு நாளாவது உங்கட வீட்டுப்பக்கம் வந்திருப்பனா? இஞ்ச பாருங்கோ, கட்டிலோட கட்டில்" என்பார். நான் தக்பீரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினால், "காக்கா, சரியாப் போட்ட கணக்கை அழிச்சுப் போட்டா நான் மாக்ஸ் குடுக்க மாட்டன்" என்பார். பார்வையாளர் வருகிற நாட்களில் தலையை வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, கதவைப் பார்த்தபடி வாங்கில் இருப்பார். மணி அடித்ததும் எழும்பி வந்து பொத்தான்களைக் கழற்றுவார்.

கிழமைக்கு இரண்டு காலை மின்சாரம் பிடித்தார்கள். இதைத்தான் படலையடியில் நின்று கேட்டவர்கள் எல்லாரும் அறிய விரும்பினார்கள். மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு வெறும் வயிறு. வரிசையாக இருத்துவார்கள். முன்னுக்குப் போனவரின் சத்தம் கேட்கும். நம் முறை வந்ததும் கட்டிலில் படுக்க வைத்து, நாலு பேர் கையையும் காலையும் பிடித்து, நாக்கைக் கடிக்காமல் வாய்க்குள் ரப்பர் வைப்பார்கள். நெற்றியின் இரு பக்கமும் ஈரமாக ஒன்று படும். நான் மனதுக்குள் கலிமா சொல்லத் தொடங்கினேன். முடிக்கவில்லை, எல்லாம் போயிற்று. விழித்தபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல நோவு. சிறிது நேரம் என் பெயரும் தெரியவில்லை. பயம் இரண்டாம் தரம் குறையவில்லை, கூடியது. அது என்ன என்று தெரிந்துவிட்டதால்.

ஆறோ ஏழோ முடிந்த பிறகு ஒரு மத்தியானம் பருப்பில் உப்பில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தேன். மாஸ்டர் எழும்பி நின்று கைதட்டினார். "காக்காவுக்குச் சுகம்! காக்காவுக்கு உப்புத் தெரியுது!" என்று வாட்டு முழுக்கச் சொன்னார். பியதாச உப்புச் சிரட்டையோடு ஓடி வந்தார்.

சோர்வு எழும்பத் தொடங்கியது. ஆனால் அந்த நாட்களில் நான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். நிக்காஹ் நாளை நினைத்துப் பார்க்கப் போனேன், அந்த நாளே இல்லை. காலையில் தடிமனோடு எழும்பினது ஞாபகம். அதற்குப் பிறகு குடில்தான். இருமல் இல்லை, மாப்பிள்ளையின் கை இல்லை, லெப்பையின் குரல் இல்லை. மேலே இருமலைப் பற்றி நான் எழுதினதெல்லாம் நோய்க்காலத்தில் மற்றவர்களிடம் சொல்லியிருந்ததை அவர்கள் எனக்குத் திருப்பிச் சொன்னதுதான். எந்த இடத்தைத் தோண்டித் தோண்டித் தேடினேனோ, அந்த இடத்தையே மின்சாரம் கொண்டுபோய்விட்டது. டொக்டரிடம் ஓடினேன். "சிலது திரும்பி வரும். சிலது வராது" என்று உண்மையைச் சொன்னார்.

மனைவியும் மச்சானும் வந்தார்கள். அது அவர்கள் வந்த மூன்றாம் தரமோ நான்காம் தரமோ தெரியாது. மனைவியின் காதில் தோடு இல்லை. ரயிலுக்கு என்னத்தை விற்றார்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. டொக்டர் அவர்களை முதலில் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு நான் போனேன். போன கையோடு கேட்டேன்.

"ஆசியா, நான் தந்தேண்டு சொன்னனா?"

அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"கேக்காதீங்க" என்றாள் கடைசியில். "பதில் சொன்னா அது ஒங்களுக்கு நஞ்சாம். இவ்வளவு நாளும் சொல்லிச் சொல்லி நாங்கதான் ஊட்டியிரிக்கம். இனிச் சொல்ல மாட்டன். நீங்க அழுதாலும் சொல்ல மாட்டன்."

"எனக்கு அந்த நாளே ஞாபகமில்ல புள்ள."

"ஞாபகம் இல்லாட்டி என்ன? நிக்காஹ்வுக்கு ரெண்டு சாட்சி என்னத்துக்கு வச்சிரிக்கு? ஒரு மனிசன்ட தலைக்குள்ள மட்டும் அதக் கட்டித் தூக்கி வைக்கப்படாதுண்டுதானே. நீங்க இறக்கி வைங்க. சாட்சிக்காரங்க சுமப்பாங்க."

நாற்பத்தைந்து வயது வரை பள்ளியில் பயான், பிரசங்கம் கேட்டவன் நான். அடுப்படியில் இருந்தவளுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றச் செய்தியைச் சொன்னார்கள். ஹலீமாவுக்கு ஆண்பிள்ளை கிடைத்து எட்டு நாள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல லெப்பையைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு ஆள் சைக்கிளோடு நின்றதாம். இஸ்மாயில். பின்னாலேயே தாயும் வந்து, "போகாத மனே" என்று சட்டையைப் பிடித்தாவாம். "என்ட புள்ளட காதுல நான் பாங்கு சொல்லாம மறுகா ஆரும்மா சொல்ற?" என்று கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்து, லெப்பையிடமிருந்து பிள்ளையை வாங்கிப் பாங்கு சொன்னாராம். தகப்பன் நான்தான் என்று ஊருக்குச் சொல்ல எங்களிடத்தில் அதைவிட வேறு வழியில்லை. மச்சான் இதைச் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு அழுகை வந்தது. வெள்ளம் வந்த மாரியில் அழாமல் விட்ட அழுகை அது. பியதாச வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது மாஸ்டர் என் கையைப் பிடித்து, "எங்கட வீட்டில ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்கு இப்ப நல்ல சுகம் எண்டு சொல்லுங்கோ" என்றார். ஊருக்கு வந்து இரண்டாம் நாள் காரைதீவுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடித்துப் படலையில் தட்டினேன். ஒரு இளம் பிள்ளை வந்தார், முகம் மாஸ்டரின் முகம். மாஸ்டரைக் கண்டு வருகிறேன் என்றேன்.

"ஆரைச் சொல்றீங்க? அப்பா செத்து மூணு வருசம்."

"தம்பி, அவரு..."

"செத்துப் போனாரு" என்று படலையைச் சாத்தினார்.

திரும்பி வந்து வாய்க்கால் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளையை ஏச எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆசுபத்திரியின் பெயர் அவருடைய வீட்டையும் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மச்சானும் அப்படிச் சொல்லியிருக்கலாம். எவ்வளவு லேசான காரியம்! எனக்கும் மாஸ்டருக்கும் நோயில் வித்தியாசமில்லை. சால்வையின் மறுமுனையில் எனக்கு ஒரு ஆள் இருந்தார். மாஸ்டருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தேன், சுகம் என்று சொல்லிவிட்டேன் என்று. பதில் வரவில்லை.

நோய் முற்றாகப் போய்விட்டதென்று எழுதினால் அது பொய். இஸ்மாயிலின் தாய் இன்றுவரை எங்கள் வளவுக்குள் கால் வைக்கவில்லை. சித்தீக்காவுக்கு வந்த மூன்று பேச்சுகள் என் பெயரைக் கேட்டதும் திரும்பிப் போயின. நாலாவதாக வந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே வந்தார்கள். குடில் இருந்த இடத்தில் சிறிதாக ஒரு வீடு கட்டி அவளுக்குக் கொடுத்தோம். நாங்கள் வளவின் இன்னும் பின்னுக்குப் போயிருக்கிறோம். இனி வேலிதான் மிச்சம் என்கிறாள் மனைவி. இந்தத் தரம் வீட்டை விட்டு இறங்கிய அன்று நான் கடமை முடிந்ததென்று சிரிக்கவில்லை. எல்லாரும் பார்க்க அழுதேன். இதைப் படிக்கிறவரும் அழ வேண்டிய நேரத்தில் அழுதுவிடுங்கள்.

போன மாதம்தான் சித்தீக்காவுக்கு நிக்காஹ். "காக்கா, எனக்குப் பொறுப்புத் தந்திட்டா உங்களுக்குப் பதிலா நான் சொல்லிக் குடுப்பன்" என்றார் லெப்பை. "வேணாம்" என்றேன். சாட்சியாக வந்திருந்த மச்சான் என் காதுக்குள், "தடிமன் கிடிமன் இல்லையே?" என்றார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.  ஒரு தரம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டேன் என்றார்.

பத்தாம் நாள் அசருக்குக் கிணற்றடியில் குந்தியிருந்தபோது அது வந்தது. பழைய ஆள்தான், அதே கேள்விதான். சொன்னாயா? மனைவி சற்றுத் தள்ளியிருந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சட்டியை வைத்துவிட்டு, ஈரக் கையால் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் கேட்கவில்லை. கையை மூன்று தரம் கழுவினேன். வாளியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதை வாழையடியில் ஊற்றிவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.